தென்பெண்ணைக் கரையோரம்: அணை முதல் பெண்ணேஸ்வரமடம் வரை

ஜனவரி 16, 2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல் வேலை முடியவே இரவு எட்டாகிவிட்டது. நாளை காணும் பொங்கல். வீட்டில் எல்லோரும் கேஆர்பி அணைக்கு, அதாவது தென்பெண்ணை ஆற்றின் மேல் உள்ள கிருஷ்ணகிரி அணைக்கு, போக வேன் பேசிவிட்டார்கள். பூங்கா, மீன் வறுவல், போட்டோ, திரும்பி வருவது: வருஷா வருஷம் இதே கதைதான். இந்த முறை நானும் சித்தப்பாவும் அணையில் இறங்கி, ஆற்றோடு கீழ்நோக்கி நடப்பதாக முடிவு. காவேரிப்பட்டணம் தாண்டி, முடிந்தால் பெண்ணேஸ்வரமடம் கோயில் வரை.

சித்தப்பா அணையின் கால்வாயில் லஸ்கராக, அதாவது மடை திறந்து மூடும் பணியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்பதிலேயே வாழ்க்கை கழிந்த மனிதர். "ஆத்தோரமா நேரா வழி கிடையாதுப்பா. கால்வாய்க் கரை, வரப்பு, ரோடுன்னு மாறி மாறித்தான் போவணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜனவரி 17, சனி

காலை ஏழரைக்கே அணை நிரம்பிவிட்டது. தண்ணீரைச் சொல்லவில்லை, ஜனத்தை. வேனிலிருந்து பாத்திரங்களை இறக்குவதற்குள் நாங்கள் நழுவிவிட்டோம்.

அணையின் முன்னால் உள்ள தரைப்பாலத்தில் நின்று மதகுகளை அண்ணாந்து பார்த்தோம். மொத்தம் எட்டு பெரிய ஷட்டர்கள். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. மேலே ஏறி நீர்ப்பரப்பைப் பார்ப்பவர்களுக்கு இந்த உயரம் தெரியாது, கீழே நின்றால்தான் தெரியும். 2017 நவம்பர் 29 அன்று முதல் மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பீய்ச்சிய கதையைச் சித்தப்பா இங்கே வைத்துத்தான் சொன்னார். கிருஷ்ணகிரியில் தொடங்கி கடலூர் வரை ஆற்றோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விட்டார்கள். பிறகு ஷட்டர்களைப் புதிதாக மாற்றினார்கள். ஆற்றில் வெள்ளம் அதிகமாக விட்டால் நாங்கள் நின்ற பாலமே மூழ்கிவிடும், போலீஸ் தடுப்பு போட்டுவிடுவார்கள். இன்று அப்படி ஒன்றுமில்லை. பாறைகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சேர்த்துக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நுரை பொங்குவதைச் செய்தியில் எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே வருவதற்குள் நுரை அடங்கிவிடுகிறது. வாடை முழுதாக அடங்கவில்லை.

கால்வாய்க் கரைக்கு ஏறியதும் சித்தப்பாவின் நடையே மாறிவிட்டது. இடது, வலது என்று இரண்டு பிரதானக் கால்வாய்கள், 9,012 ஏக்கர் பாசனம். பெரியமுத்தூர், திம்மாபுரம், சவுளூர், மிட்டஅள்ளி, பாலேகுளி என்று ஊர்ப் பெயர்களைத் தண்ணீர் போகும் வரிசையில் ஒப்பித்தார். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ராத்திரி டார்ச்சோடு நடப்பாராம். மேல்மடைக்காரர் கல்லை வைத்து அடைத்துவிட்டால் கடைமடைக்காரர் வந்து நிற்பது லஸ்கர் வீட்டு வாசலில்தான். ஒரு மடை அருகே நின்று, துருப்பிடித்த திருகுக் கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்தார். "எண்ணெய் போடறதில்ல" என்றார். அடுத்த அரை மணி நேரம் அதே பேச்சுதான். எனக்கு அலுக்கவில்லை.

மாந்தோப்புகளில் பூ தொடங்கியிருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் சீமைக் கருவேல முள் வழியை அடைத்திருந்ததால் தார் ரோட்டுக்கு ஏறினோம். தூரத்தில் ஏதோ ஊரில் எருது விடும் விழா, மைக் சத்தம் காற்றில் வந்து வந்து போனது.

காவேரிப்பட்டணம் ஆற்றங்கரை ஊர்தான். ஆனால் வீடுகளும் கடைகளும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கரையில் குப்பை, நாணல், அதற்கு நடுவே கொக்குகள். மாசியில் அங்காளம்மன் மயானக் கொள்ளையின்போதுதான் மொத்த ஊரும் ஆற்றங்கரைக்கு வருகிறது. கடைவீதியில் டீயும், தட்டை மாதிரியான நிப்பட்டும். வீட்டுக்கும் இரண்டு பாக்கெட் வாங்கினேன். இந்த ஊர் நிப்பட்டை வாங்காமல் போனால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

பெண்ணேஸ்வரமடத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கோயிலில் சோழர், ஒய்சளர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சாய்ந்த வெயிலில் எழுத்துகள் நன்றாக எடுத்துக் காட்டின. எனக்கு அங்கங்கே ஒரு 'ஸ்வஸ்திஸ்ரீ' தவிர ஒன்றும் படிக்க வரவில்லை. சித்தப்பா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் படுத்துவிட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

கால் வலி. அணைக்குப் போனவர்களுக்கு வயிற்று வலி, மீன் வறுவல் கைவரிசை.

நேற்று கடைவீதியில் நடந்தபோது ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. 1767-இல், முதல் மைசூர்ப் போரில், ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது இந்தக் காவேரிப்பட்டணத்தைத்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதியைச் சேர்த்த பாராமகால் சீமை முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும், விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கிப் பார்த்தது இந்த மண்ணில்தான். இவ்வளவு நடந்த ஆற்றங்கரையில் அதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. அணையைப் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவரை இந்தப் பக்கம் திருப்பினாலே போதும், கரையைச் சுத்தமாக வைக்க வேண்டிய கட்டாயம் தானாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஜனம் வந்தா பிளாஸ்டிக்கும் வரும். மொதல்ல மடைக்கு எண்ணெய் போடச் சொல்லு" என்கிறார்.

அடுத்து நெடுங்கல் தடுப்பணை. அங்கிருந்து ஆற்றுத் தண்ணீர் பாரூர் பெரிய ஏரிக்குப் பிரிகிற இடத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள், மாசிக்கு முன்னால் போக வேண்டும்.