வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

இன்னிக்கு பல் கிளீனிங். வாணியம்பாடி நியூஸ் படிச்சதுல இருந்து பல் ஆஸ்பத்திரின்னாலே வயித்துல புளியக் கரைக்குது, 2023ல அங்க ஒரு பல் கிளினிக்ல, ஏற்கெனவே யூஸ் பண்ண கருவியாலயே சலைன் பாட்டில திறந்து மிச்சத்த சும்மா மூடி வச்சு அடுத்தவங்களுக்கும் ஊத்தினதுல கிருமி மூளைக்குப் போய் 8 பேர் செத்துட்டாங்களாம். அதான் சேர்ல சாஞ்சதுமே கேட்டுட்டேன், மேடம் இதெல்லாம் ஆட்டோகிளேவ் (சூடான ஆவியில வச்சு கிருமியக் கொல்றது) பண்ணதுதானேன்னு. திட்டுவாங்கன்னு பாத்தா, பிரிக்காத கவர என் முன்னாடியே காட்டி, இந்தக் கோடு கலர் மாறியிருக்கு பாருங்க, 121 டிகிரி ஆவியில 15 நிமிஷத்துக்கு மேல வச்சதுன்னாங்க. (ஹெபடைடிஸ் பி ஊசி 3 டோஸும் போட்டவதான் நான், இந்தக் கிருமிக்கு அதால என்ன பிரயோஜனம்.) வீட்டுக்கு வந்து இதுவரைக்கும் நாலு தடவ கண்ணாடில ஈறு பாத்தாச்சு, வீட்டுக்காரர் சிரிக்கிறாரு, அடுத்த வாரம் அவருக்கு ரூட் கெனால்.