மரபுவழிப் பின்னலைத் தங்கிக் கற்க விரும்புவோருக்கு

ஊர்ப்புறத்துப் பண்ணை வீடு ஒன்றில் சில நாட்கள் தங்கி, மரபுவழிக் கம்பளிப் பின்னலை அதில் தேர்ந்தவரிடம் நேரில் கற்கும் முகாம்கள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் 1974இல் தொடங்கிய முகாம் இவற்றுக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி. அண்மைக் காலத்தில் நடைபெற்ற வேறொரு முகாமில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஷெட்லாந்து தீவுகளின் பின்னல் முறையை நான் கற்றேன். அந்த அனுபவத்திலிருந்து, இனிச் செல்லவிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். ஊசியில் கண்ணி (நூல் வளையம்) ஏற்றவும், நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (புரட்டுக் கண்ணி) ஆகிய இரண்டையும் தடுமாறாமல் பின்னவும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முகாமுக்கு வருகிறவர்களில் பலர், திரும்பிப் போகும்போது முழுதாக முடித்த தொப்பியோ கையுறையோ பையில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடுவது நல்லது. ஒரு பொருளைப் பின்னி முடிக்க வீட்டில் எத்தனையோ மாலைகள் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் பழகிய ஒருவரின் விரல்கள் நூலை எங்கே இறுக்குகின்றன, எங்கே விடுகின்றன என்பதை ஒரு முழ தூரத்தில் அமர்ந்து பார்ப்பதும், நம் கையை அவர் பார்த்து அந்த இடத்திலேயே திருத்துவதும் முகாமில் மட்டுமே கிடைக்கும். எதைக் கற்பது, எந்த நூலை எடுத்துச் செல்வது, எங்கே உட்காருவது என எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றை வைத்தே எடுக்கவேண்டும்.

முதலில், ஒரே ஒரு மரபைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மரபும் வெவ்வேறு திறனைக் கற்றுத்தருகிறது. ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் இடையிலுள்ள சிறு தீவின் பெயரைத் தாங்கிய ஃபேர் ஐல் முறையில், ஒரு சுற்றில் இரண்டு நிற நூல்களைச் சேர்த்து நடத்தக் கற்கிறோம். பிரிட்டனின் கடலோர மீனவர்கள் அணிந்த கான்ஸி சட்டை, ஓர் ஆடை எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதைச் சொல்லித்தருகிறது. எஸ்தோனியாவின் ஹாப்சாலு சால்வை மெல்லிய நூலில் துளைவேலைப்பாட்டைப் பழக்குகிறது. போர்த்துகீசிய முறையில் நூல் பின்னுபவரின் கழுத்தைச் சுற்றியோ மார்பில் குத்திய ஊக்கின் வழியாகவோ வந்து இடக்கைக் கட்டைவிரலால் தள்ளப்படுவதால், பலரும் சலித்துக்கொள்ளும் பர்ல் அங்கே மிக எளிதாகிவிடுகிறது. ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் இதையொத்த வழக்கம் உண்டு. நான்கையும் சில நாட்களில் தொட்டுக்காட்டுவதாகச் சொல்லும் முகாமைவிட, ஒன்றை மட்டும் ஆழமாகக் கற்பிக்கும் முகாமையே நான் பரிந்துரைப்பேன்.

மரபு என்றவுடன் எல்லாமே பல நூற்றாண்டுப் பழமை கொண்டவை என்று எண்ணிவிட வேண்டாம். தோளைச் சுற்றி வட்டமாக வடிவமைப்பு ஓடும் ஐஸ்லாந்தின் லோபாபெய்சா ஸ்வெட்டர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உருவானது. நார்வேயின் செல்பு கையுறைகளில் காணும் எட்டிதழ் விண்மீன் வடிவம், 1857இல் மரித் கூல்சத்புருவா எம்ஸ்தாத் என்ற இளம்பெண் பின்னிய கையுறையிலிருந்து அந்த ஊரில் பரவியதாகக் கூறப்படுகிறது. இதனால் இவற்றின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. ஒரு முறை இப்போதைய வடிவத்தை எப்படி அடைந்தது என்று ஆசிரியரிடம் கேட்டால், எந்த நுணுக்கம் வசதிக்காக வந்தது, எது அழகுக்காக வந்தது என்பது விளங்கும்.

புறப்படுவதற்கு முன்பான தயாரிப்பில் மிக முக்கியமானது, உங்கள் கையின் கண்ணி அடர்த்தியை அறிந்துகொள்வது. பின்னப்போகும் நூலிலேயே மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே அளக்கவேண்டும். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகள் வரவேண்டிய இடத்தில் உங்கள் கை 24 கண்ணிகளைப் பின்னுமானால், 100 செ.மீ. சுற்றளவுக்கென ஏற்றிய 220 கண்ணிகள் ஏறத்தாழ 92 செ.மீ. மட்டுமே தரும், அதாவது, ஓர் அளவு சிறிய சட்டை. வட்டமாகப் பின்னப்போகும் ஆடைக்கு மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னவேண்டும். ஏனென்றால் தட்டையாகத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது பர்ல் வரிசைகளும் இடையிடையே வரும்; பலருக்கு நிட் வரிசையின் இறுக்கமும் பர்ல் வரிசையின் இறுக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. கட்டமிட்ட வரைபடத்தைப் படிக்கவும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். வட்டப் பின்னலில் அதன் ஒவ்வொரு வரிசையும் வலமிருந்து இடமாகவே படிக்கப்படும் என்பதை முகாமுக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வது நேர விரயம்.

நூலைப் பொறுத்தவரை, பயிற்சிக்கு வெளிர் நிறங்களே ஏற்றவை. கருநீலத்திலும் கறுப்பிலும் கண்ணிகள் தெளிவாகத் தெரிவதில்லை. பண்ணை வீடுகளின் மாலை வெளிச்சத்தில் அறவே தெரிவதில்லை. இயந்திரத்தில் துவைப்பதற்கென வழவழப்பாக்கிய கம்பளியையும் பருத்தி நூலையும் ஃபேர் ஐல் வகுப்புக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அந்த முறையில் பின்னிய துணியைக் கத்தரிக்கவேண்டி வரும் என்பதால், இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான கம்பளியே அதற்கு வேண்டும்.

வகுப்பில் அமரும் இடம் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆசிரியருக்கு எதிரே அமர்ந்தால் அவருடைய வலக்கை நமக்கு இடப்புறமாகத் தெரியும். ஒவ்வோர் அசைவையும் மனத்துக்குள் திருப்பிப் பார்த்த பிறகே செய்யமுடியும். அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து அமர்ந்தால் அந்தச் சுமை இல்லை. நூலை ஊசியின் மேல் சுற்றிப் போடுகிற வலக்கையைப் பார்க்க அவருக்கு வலப்புறமும், கண்ணிகளை ஊசிமுனைக்குத் தள்ளித்தரும் இடக்கையைப் பார்க்க இடப்புறமும் மாறி மாறி அமர்வது இன்னும் நல்லது. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் எதிரே அமர்ந்தால், கண்ணாடியில் காண்பதுபோல அப்படியே பின்பற்றலாம்.

ஷெட்லாந்துப் பின்னலில் என்னை மிகவும் ஈர்த்தது இடுப்புவாரின் பயன்பாடு. துளைகளிட்ட, உள்ளே குதிரைமயிர் திணித்த தோல் மெத்தை ஒன்று அந்த வாரில் இருக்கும். நீண்ட இருமுனை ஊசியின் ஒரு முனையை அதன் துளையில் செருகிவிட்டால் வலது ஊசி அசையாமல் நிற்கும். ஊசியைத் தாங்கும் வேலை இல்லாததால் வலக்கை முழுவதும் நூலைச் செலுத்துவதற்கே பயன்படுகிறது. அத்தீவுகளின் பெண்கள் முதுகில் எரிபொருளாகும் கரிமண் கட்டிகள் நிறைந்த கூடையைச் சுமந்து நடந்தபடியே பின்னியதற்குப் பழைய புகைப்படங்கள் சான்றாக உள்ளன. அதைச் சாத்தியமாக்கியதில் இந்த வாருக்குப் பெரும் பங்குண்டு. புதிதாகப் பழகுகிறவருக்குத் தொடக்கத்தில் வேகம் குறையவே செய்யும். முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து, விரலை ஊசிமுனையிலிருந்து விலக்காமல், வெறும் நிட் வரிசைகளை மட்டும் நெடுநேரம் பின்னிப் பழகினால் கை தானாக ஓர் ஒழுங்குக்கு வரும். அதுவரை வண்ண வேலைப்பாட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

வண்ண வேலைப்பாட்டில், பயன்படாத நூல் துணியின் பின்புறமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் இறுகினால் துணி சுருங்கும்; தளர்ந்தால் விரல் மாட்டும். நிறம் மாற்றுவதற்கு முன், வலது ஊசியிலுள்ள கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிட்டுப் பின் மாற்றுவதே இதற்குரிய எளிய வழி. இதைவிட நுட்பமான இன்னொன்று, இரு நூல்களில் எது கீழாக ஓடுகிறது என்பது. கீழாக ஓடும் நூல் சற்றே கூடுதல் தூரம் செல்வதால் அதன் கண்ணிகள் மயிரிழை அளவு பெரிதாகி, அந்த நிறம் முன்னே எழும்பித் தெரியும். எனவே வடிவத்தின் நிறம் எப்போதும் கீழாகவும், பின்னணி நிறம் மேலாகவும் ஓடவேண்டும். நடுவில் மாறினால் அந்த இடத்தில் வடிவம் மங்கிவிடும். ஒரே வடிவத்தை நூல்களை இடம்மாற்றி இருமுறை பின்னி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் துண்டு கற்றுத்தருவதை எந்த விளக்கவுரையும் கற்றுத்தராது.

ஆடை முழுவதையும் குழாய்போல வட்டமாகப் பின்னிவிட்டு, கையோ முன்திறப்போ வரவேண்டிய இடத்தில் துணியைக் கத்தரிக்கும் ஸ்டீக் முறையே பலரும் அஞ்சுவது. அந்த இடத்தில் முன்பே சில கண்ணிகளைக் கூடுதலாக ஏற்றி, அவற்றில் இரு நிறங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிவைப்பார்கள். கத்தரி அந்தக் கண்ணிகளின் நடுவே போகும். ஓரங்கள் உள்ளே மடிக்கப்பட்டுத் தைக்கப்படும். கத்தரித்த கண்ணிகள் பக்கவாட்டில் பிரிந்து ஓடுவதில்லை என்பதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு சிறு குழாயில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு அச்சம் இருக்காது.

கான்ஸியைக் கற்கச் செல்பவர்கள், மார்பிலுள்ள வடிவங்களைவிட அதன் கட்டமைப்பில் கூடுதல் கவனம் வைக்கவேண்டும் என்பேன். இறுக்கமாக முறுக்கிய ஐந்திழை வொர்ஸ்டட் நூலில் (இழைகளை ஒரே திசையில் படியச் சீவி நூற்ற கம்பளி நூலில்) நெருக்கமாகப் பின்னுவதால் அது காற்றைத் தடுக்கிறது; நிட்டும் பர்லும் கலந்த வடிவங்களும் அந்த வழவழப்பான நூலில் தெளிவாகத் தெரிகின்றன. அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்க்கப்படுவதால் கையை உயர்த்தினால் சட்டை மேலேறுவதில்லை. கைப்பகுதி தோளில் கண்ணிகளை எடுத்து மணிக்கட்டை நோக்கிப் பின்னப்படுவதால், விளிம்பு நைந்துபோகும்போது அந்தப் பகுதியை மட்டும் பிரித்து மறுபடி பின்னலாம். உழைப்பவரின் உடலை இவ்வளவு கருத்தோடு எண்ணிப்பார்த்த ஓர் ஆடையை ஆக்கத் தெரிந்துகொள்வது பெரிய பேறு.

கட்டமைப்பு விளங்கிவிட்டால், அச்சிட்ட செய்முறை இல்லாமலே ஆடையை வகுக்க சிம்மர்மனின் விழுக்காட்டு முறை கைகொடுக்கும். மார்புச் சுற்றளவின் கண்ணிகளை 100 விழுக்காடாகக் கொண்டால் மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 20, மேற்கைக்கு 33 முதல் 40 வரை, கழுத்துக்கு 40 விழுக்காடு என்பது அதன் அடிப்படை. 220 கண்ணிகள் கொண்ட ஸ்வெட்டருக்கு மணிக்கட்டில் 44 கண்ணிகளும் கழுத்தில் 88 கண்ணிகளும் வரும்.

ஹாப்சாலு வகைத் துளைவேலைப்பாட்டில் நுப் என்ற சிறு முடிச்சுதான் கடினம். ஒரே கண்ணியிலிருந்து ஐந்தோ ஏழோ கண்ணிகளை எடுத்து, அடுத்த வரிசையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து பர்ல் பின்னவேண்டும். எடுக்கும்போது மிகத் தளர்வாக எடுப்பது ஒன்றே இதன் சூட்சுமம். வடிவம் ஒருமுறை முடியும்போதெல்லாம் ஊசியிலுள்ள கண்ணிகளின் ஊடாக வேறு நிற வழுவழுப்பான நூல் ஒன்றைக் கோத்து விட்டுவைத்தால், பிசகு நேரும்போது அந்த வரிசை வரை மட்டும் பிரித்தால் போதும்.

பண்ணையில் ஆடுகள் இருந்து, கம்பளியைச் சீவி நூற்கும் வகுப்பும் இருக்குமானால் அதைத் தவறவிடாதீர்கள். சீவிய இழைகள் எல்லாம் ஒரே திசையில் படிந்தால் வழவழப்பும் வலுவும் உடைய நூலும், குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் காற்றை உள்ளடக்கிய லேசான, வெதுவெதுப்பான நூலும் கிடைக்கின்றன. தக்ளியில் கொஞ்சம் நூற்றுப் பார்த்தவருக்கு, கடையில் நூலைத் தொட்டதுமே அது எதற்குப் பொருந்தும் என்று சொல்ல வரும்.

குறிப்பெடுப்பதில் என் முறை இது. ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் தனி மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, ஊசியின் அளவு, நூலின் பெயர், கண்ணி எண்ணிக்கை, நூலைப் பிடித்த விதம் ஆகியவற்றை எழுதிய அட்டையை அதிலேயே கட்டிவிடுவேன். அட்டை தொலைந்தாலும் தெரியும்படி, 4 மி.மீ. ஊசியானால் துண்டின் ஓரத்தில் நான்கு துளைகளை இட்டுவைப்பதும் பின்னுபவர்களிடையே உள்ள நல்ல வழக்கம். ஆசிரியரின் கையைக் காணொளியாகப் பதிவு செய்ய விரும்பினால் முன்பே அனுமதி கேளுங்கள். அவர் வரைந்து தரும் கட்டப்படங்களைப் பிறருக்குப் பகிர்வதும் அவருடைய அனுமதிக்கு உட்பட்டதே.

உடலைப் பற்றியும் ஒரு சொல். நாள் முழுவதும் பின்னுவது வீட்டில் பழக்கமில்லாத ஒன்று. மணிக்கட்டும் கழுத்தும் விரைவில் வலிக்கத் தொடங்கும். வலி வந்த பிறகு நிறுத்தாமல், வருவதற்கு முன்பே எழுந்து நடந்து, விரல்களை விரித்து மடக்கி, பிறகு அமருங்கள். வலியோடு பின்னும் கை இறுகும். இறுகிய கையில் பழகிய அசைவு அப்படியே படிந்துவிடும். மாலையில் எல்லோரும் கூடிப் பின்னும் நேரத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் படிப்புதான்.

வீடு திரும்பியதும், முதல் வாரத்துக்குள்ளேயே குறிப்புகளைப் பார்க்காமல் ஒவ்வொரு துண்டையும் மறுபடி பின்னிப் பாருங்கள். எங்கே தடைப்படுகிறதோ அங்கே மட்டும் அட்டையைப் புரட்டுங்கள். அதன் பிறகும் தெளியாத இடங்களைத் தொகுத்து, பின்னிய துண்டின் இருபுறப் படங்களோடு ஆசிரியருக்கு எழுதினால் அவரால் எளிதில் விடை சொல்ல முடியும். முன்புறப் படம் மட்டும் அனுப்பினால் நூல் ஓடிய விதம் அவருக்குத் தெரியாது. முதல் முழுப் பொருளாகத் தொப்பியைத் தேர்ந்தெடுப்பதே தகும். அதில் வட்டப் பின்னலும், வண்ண வடிவமும், உச்சியில் கண்ணிகளைக் குறைப்பதும் உண்டு. அளவு சற்றே மாறினாலும் யாரேனும் ஒருவரின் தலைக்குப் பொருந்தும்.