அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

சாலை விபத்து வழக்குக் கட்டு எதைப் பிரித்தாலும் முதல் தகவல் அறிக்கையில் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: 'எதிரி மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி...' (எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்.) லாரியா, ஷேர் ஆட்டோவா, டிராக்டரா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரிகூட அதிவேகமாகத்தான் வந்திருக்கும்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் மேல்முறையீடுகளுக்காகக் கீழ்க்கோர்ட்டின் தமிழ் ஆவணங்களை ஆங்கிலப்படுத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மேற்படி வாக்கியத்துக்கு எங்கள் தொழிலில் எல்லோரிடமும் தயாராக இருக்கும் ஆங்கிலம் 'ரேஷ் அண்ட் நெக்லிஜென்ட்'. யோசிப்பதற்குள் விரல் அடித்துவிடும். ஆனால் அதிவேகம் வேறு, ரேஷ் வேறு. போதாக்குறைக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆவது பிரிவிலும் (ஆபத்தாக ஓட்டுவது) 304ஏ பிரிவிலும் (அப்படிச் செய்து உயிர் போவது) இருந்தது 'ரேஷ் ஆர் நெக்லிஜென்ட்'. அதாவது இரண்டில் ஒன்று. ஸ்டேஷனில் அது இரண்டும் என்றாகிவிட்டது.

அகராதியைத் திறந்தால் ரேஷ், ரெக்லெஸ், ஹேஸ்டி, கேர்லெஸ், நெக்லிஜென்ட் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். கோர்ட்டில் அப்படி நிற்க முடியாது. இதை முதலில் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஹாலோவே, 1872-இல். அவர் சொன்னதன் சாரம் இது: ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கையில் ஒரு காரியத்தில் இறங்கினால் அது ரேஷ். ஆபத்து வரும் என்ற நினைப்பே இல்லாமல், ஆனால் அந்த இடத்தில் காட்டியிருக்க வேண்டிய கவனத்தைக் காட்டாமல் செய்தால் நெக்லிஜென்ஸ். ஒருவனுக்குத் துணிச்சல் அதிகம், மற்றவனுக்குக் கவனம் குறைவு. டிரைவர்கள் இரண்டு வகையிலும் உண்டு என்பது டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் சாட்சிக் கூண்டில்தான் வரும். சாட்சி ஊரில் பேசும்போது 'கண்ணு மண்ணு தெரியாம வந்தான்', 'தாறுமாறா ஓட்டினான்' என்றுதான் சொல்லியிருப்பார். ஸ்டேஷன் ரைட்டர் கையில் அது அதிவேகமும் அஜாக்கிரதையுமாக மாறியிருக்கும். கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் சாட்சியும் அதையே ஒப்பிப்பார். குறுக்கு விசாரணைப் பக்கத்தைப் புரட்டினால் கதை கந்தலாகிவிடும். பைபாஸ் ஓரம் டீக்கடை வைத்திருந்த ஒருவரின் வாக்குமூலம் இப்படிப் போகிறது: 'நான் அப்போது டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். லாரி என்ன வேகத்தில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல.' கடைசி வரியில் எவ்வளவு அழுத்தமாக மறுத்தாலும் முதல் இரண்டு வரிகளிலேயே வழக்கு முடிந்தது. சத்தம் கேட்ட பிறகு திரும்பியவர் மோதலுக்கு முன்பு நடந்ததை எங்கே பார்த்திருப்பார்?

வேகமாகவே வந்திருந்தாலும் அது மட்டும் போதாது. அதிவேகம் என்பது இடத்தைப் பொறுத்தது, அதை வைத்தே ரேஷ் என்றோ நெக்லிஜென்ட் என்றோ முடிவுகட்ட முடியாது என்று 1998-இல் கர்நாடகத்து லாரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிரித் தரப்பு வக்கீல்கள் இன்றுவரை அதைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, சந்தைக்குக் காய் கொண்டுபோகும் ஒரு அம்மாவின் சாட்சியத்தை மொழிபெயர்த்தேன். 'பஸ் நின்றிருந்தது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேன் பஸ்ஸுக்கு இடது பக்கமாக, படிக்கும் கடைக்கும் நடுவில் நுழைந்தது. ஹாரன் அடிக்கவில்லை.' அவ்வளவுதான். அதிவேகமும் இல்லை, அஜாக்கிரதையும் இல்லை. ஹாலோவே சொன்ன 'ஒன்றும் ஆகாது' முழுசாக அதற்குள் இருக்கிறது. இறங்குகிற ஆள் குறுக்கே வருவார் என்று தெரியாமலா அந்த இடுக்கில் ஒருவன் வேனை விடுவான்? சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரும் வரைபடமும் அந்த அம்மா சொன்னதோடு பொருந்தின. பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையில் இயந்திரக் கோளாறு இல்லை என்றிருந்தது. குறுக்கு விசாரணையில் வேகம் எவ்வளவு என்று துருவியிருக்கிறார்கள். 'வேகத்தைப் பற்றி நான் சொல்லவில்லையே' என்று பதில். மொழிபெயர்க்கும்போது நான் ஒரு சொல் கூட்டவில்லை, கூட்ட வேண்டியும் இருக்கவில்லை.

இழப்பீட்டு வழக்கு என்றால் கணக்கு வேறு. கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலையானாலும் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கத் தடையில்லை. பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்த வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1980-இல் இதை ஆணித்தரமாக எழுதினார். அங்கே ரேஷ்தானா என்று மயிர்பிளக்க வேண்டியதில்லை, கவனக்குறைவு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இங்கிலாந்துக்காரர்கள் 'ரெக்லெஸ் டிரைவிங்' என்ற குற்றத்தையே 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்துவிட்டு 'டேஞ்சரஸ் டிரைவிங்' என்று மாற்றிக்கொண்டார்கள். டிரைவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று தோண்டுவதை விட்டுவிட்டு, வண்டி எப்படி ஓடியது என்று பார்க்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றிய 184-ஆவது பிரிவிலும் 2019-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் போனோடு ஓட்டுவது, விதியை மீறி முந்துவது, எதிர்த்திசையில் வருவது என்று செயல்களையே அடுக்கியிருக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. அந்தக் காய்கறி அம்மா சட்டத்தைப் படிக்காமலே இப்படித்தான் சொன்னார்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 279 இப்போது 281 ஆகிவிட்டது, 304ஏ-யின் இடத்தில் 106. ரேஷும் நெக்லிஜென்டும் அப்படியே இருக்கின்றன. எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவருக்கு மட்டும் இவை ருசிக்கவில்லை. 'கண்ணு மண்ணு தெரியாம' என்று வந்தால் 'ரெக்லெஸ்லி' என்று போடச் சொல்கிறார், கம்பீரமாக இருக்குமாம். அந்தச் சொல் 279-லும் இல்லை, 281-லும் இல்லை தம்பி என்று புத்தகத்தைக் காட்டினேன். 'இருக்கட்டும் அண்ணே, ஜட்ஜ் படிக்கும்போது நல்லா இருக்கும்ல?' என்கிறார்.