முதல் குரூஸ் போகிறவர்களுக்கு: கப்பல் நேரமும் டாலர் கணக்கும்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே வந்து இறங்கும் குரூஸுக்கு இப்போது கோவை, திருப்பூர் பக்கத்திலிருந்து நிறைய பேர் போகிறார்கள். நாங்களும் போய் வந்தோம்: நான், கணவர், மகள், கூடவே மாமா, அத்தை (மாமனார், மாமியார்). கப்பல் எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் வீடியோக்களில் வேண்டிய மட்டும் கிடைக்கும். எங்களைப் படுத்தி எடுத்தவை பணமும் நேரமும். இந்த இரண்டைப் பற்றியும் எங்கள் ஏஜென்ட் சொன்னது ஒரே பதில்தான்: "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராதுங்க மேடம், எல்லாமே பேக்கேஜ்லயே வந்துருதுங்க." அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்து போகிறவர்களாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விசா வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் ஆன்லைனில் மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால், அந்த மூன்று நாளும் கடலிலேயே போய்விடக்கூடும். நெட் கிடைக்கும் துறைமுகத்தில் முடித்துவிடுங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

கப்பலில் யாரும் காசு வாங்க மாட்டார்கள். ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள். கேபின் கதவுக்கும் அதுதான் சாவி, வாங்குவதற்கும் அதுதான். செலவெல்லாம் நம் பேரில் ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் நாம் பதிந்து வைத்த வங்கிக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கு எந்த நாட்டுப் பணத்தில் ஓடுகிறது என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களிலேயே சிலவற்றில் சிங்கப்பூர் டாலர், சிலவற்றில் அமெரிக்க டாலர். எங்கள் ஏஜென்ட் "சிங்கப்பூர் கப்பல்தானுங்க" என்று சொல்லி, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி எடுத்துப் போகும் ஃபோரக்ஸ் கார்டு முழுவதும் சிங்கப்பூர் டாலராக ஏற்றிக் கொடுத்துவிட்டார். கப்பல் கணக்கு ஓடியது அமெரிக்க டாலரில். கார்டில் இருக்கும் பணம் ஒன்று, கேட்கும் பணம் வேறு என்றால், ஒவ்வொரு தடவையும் மாற்றுக் கட்டணம் தனியாக விழும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஹோல்டு. பதிந்த கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்கவும், அன்றன்றைய செலவுக்கு உத்தரவாதமாகவும் கப்பல் நிறுவனம் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டோ ஃபோரக்ஸ் கார்டோ என்றால் நிஜப் பணமே முடங்கிவிடும். பயணம் முடிந்து பில் கட்டின பிறகும் அது உடனே விடுபடாது. பினாங்கில் இறங்கி ஏடிஎம்மில் ரிங்கிட் எடுக்கப் போனபோது கார்டு மறுக்கப்பட்டது. இருப்பைப் பார்த்தால், நாங்கள் செலவே செய்யாத தொகை குறைந்திருந்தது. கப்பலின் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் கேட்டதற்கு "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். வங்கியைக் கேட்டால் "வணிகர்தான் விடுவிக்க வேண்டும்" என்கிறது, அதாவது கப்பல் நிறுவனம்தானாம்.

நல்ல வேளையாக, கிளம்பும் முன்பே மாமா கொஞ்சம் டாலர் நோட்டு வாங்கி வைத்திருந்தார். பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் பியரில். அங்கிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன, தமிழிலேயே பேசி மாற்றலாம். மாற்றிக்கொண்டு குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் எழுந்த கோயில் அது. அத்தைக்கு அங்கே உட்கார்ந்ததும்தான் மனசு சமாதானமானது.

அதே இடத்தில் உட்கார்ந்துதான் கணவர் தன் கிரெடிட் கார்டைச் சரிசெய்தார். நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆப்பில் திறந்துவிட வேண்டும். ஊரில் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் அதன் பிறகு வங்கி அனுப்பிய மாற்றுக் கார்டில் அது மறுபடி மூடிக் கிடந்தது. அதைத் திறக்க ஓடிபி வேண்டும். கப்பலின் வைஃபையில் வாட்ஸ்அப் வரும், நம் சிம்முக்கு வர வேண்டிய ஓடிபி குறுஞ்செய்தி நடுக்கடலில் வராது. கரையில் ரோமிங் சிக்னல் பிடித்த பிறகுதான் வந்தது. ஓடிபி தேவைப்படும் எந்த வேலையானாலும் ஏறுவதற்கு முன்பு முடியுங்கள், விட்டுப்போனால் துறைமுகத்தில் முடியுங்கள். கடலுக்குள் போனதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். கப்பலுக்கென்று தனியாக ஒரு செல் நெட்வொர்க் உண்டு, அதில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும். வழக்கமான ரோமிங் பேக்கில் அது சேராது.

கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் கணவரின் கார்டைப் பதிந்து, ஃபோரக்ஸ் கார்டை நீக்கச் சொன்னோம். அது ஐந்து நிமிட வேலை. கார்டே வேண்டாம் என்றால் ரொக்கமாக முன்பணம் கட்டும் வழியும் பெரும்பாலான கப்பல்களில் இருக்கிறது. வயதானவர்கள் தனியாகப் போனால் அதுதான் நிம்மதி.

அடுத்தது டிப்ஸ். இதைத் தெரியாமல் யாரும் ஏறவே கூடாது. ஆளுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை, கப்பலையும் கேபினையும் பொறுத்து, கணக்கில் தானாக ஏறும். பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்து பேர் குடும்பத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். குளிர்பானம், தனி உணவகம் என்று எதை வாங்கினாலும் அதன் மேல் 18 சதவீதம் போல சேவைக் கட்டணம் தனி. நாங்கள் டிப்ஸை ஏஜென்டிடம் கோவையிலேயே முன்கூட்டிக் கட்டி ரசீதும் வாங்கியிருந்தோம். ஆனால் கேபின் டிவியில் கணக்கைத் திறந்து பார்த்தால், மாமா அத்தை கேபினுக்கு டிப்ஸ் தினமும் ஏறிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் ரசீதை வாங்கிப் பார்த்தார். அதில் ஏஜென்ட் கடையின் முத்திரை இருக்கிறது, கப்பலின் முன்பதிவு எண் இல்லை. "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்றார். எதைச் சொன்னாலும் அதே பதில்தான். ஏஜென்ட் ஆபீஸ் திறப்பது நம் ஊர் பத்து மணிக்கு, அதாவது சிங்கப்பூர் நேரம் பகல் 12:30. காலையில் எழுந்ததிலிருந்து கூப்பிட்டுக் கொண்டிருந்தோம், யார் எடுப்பார்கள்? கடைசியில் புக்கெட்டில் இறங்கிய பிறகுதான் பிடிக்க முடிந்தது. அந்த மனிதர் சர்வசாதாரணமாக "ஓ, ரெண்டு கேபினுங்களா? ஒண்ணுக்குத்தான் போட்டுட்டோமுங்க" என்கிறார். பணம் மட்டும் இரண்டுக்கும் வாங்கியாகிவிட்டது! அவர் கப்பல் நிறுவனத்துக்கு மீதியைக் கட்டி உறுதி மின்னஞ்சல் அனுப்பும்வரை கணவர் போனை வைக்கவே இல்லை. அன்று இரவே கவுண்டருக்குப் போனோம். இந்தத் தடவை மேற்பார்வையாளரைத்தான் பார்ப்போம் என்று நின்றோம். அவர் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, ஏறியிருந்த தொகை மொத்தத்தையும் எங்கள் கண் முன்னாலேயே கழித்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னார்.

இதைக் கடைசி நாள் காலைக்குத் தள்ளியிருந்தால் அவ்வளவுதான். அன்று அந்தக் கவுண்டர் வரிசை லிஃப்ட் வரை நிற்கிறது. தினமும் படுக்கும் முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ரசீதில் கப்பலின் முன்பதிவு எண்ணும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்து வாங்குங்கள்.

இனி நேரம். உண்மையில் என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

நம் ஊரைவிட சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே. பினாங்கும் அதே நேரம்தான். புக்கெட்டுக்குத் தாய்லாந்து நேரம், சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னே. ஆனால் கப்பலுக்கு என்று ஒரு நேரம் உண்டு. அதை முடிவு செய்வது கேப்டன். சில பயணங்களில் புக்கெட்டுக்காகக் கடிகாரத்தை மாற்றுவார்கள், சிலவற்றில் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓட்டுவார்கள். எங்கள் கப்பல் மாற்றவில்லை. மறுநாள் நேரங்களையும் நிகழ்ச்சிகளையும் சொல்லி முந்தின இரவு கேபினுக்கு வந்த கப்பலின் தினசரித் தாளில் ஒரு மூலையில் ஒரே வரியாக அது இருந்தது. மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் முதல் எழுத்திலிருந்து படிப்பார். அவர் கண்ணில்தான் அது பட்டது.

ஏஜென்ட் ஏற்பாடு செய்த வேனுக்கான துண்டுச் சீட்டில் "மாலை 4 மணிக்குப் படோங்கில் இறக்கிவிடப்படும்" என்று இருந்தது. கப்பல் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் சின்னப் படகில், அதாவது டெண்டரில்தான் போக வர வேண்டும். கடைசி டெண்டர் 4:30 என்று தினசரித் தாள் சொல்கிறது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் 4:30 என்பது கப்பல் நேரம், புக்கெட் நேரப்படி 3:30. அந்தச் சீட்டை நம்பிப் போயிருந்தால், நாங்கள் கரைக்கு வரும்போது கடைசிப் படகு போய் அரை மணி ஆகியிருக்கும்.

டிரைவரிடம் ஏறும்போதே மாமா தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதில் 10:20. டிரைவரின் போனில் 9:20. அவர் இரண்டையும் பார்த்தார், சிரித்தார், ஒரு பழைய பில்லின் பின்பக்கம் பெரிதாக "3:00" என்று எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். வாட் சலோங் பார்த்தோம், புக்கெட் பழைய நகரத்தில் பாதியோடு கிளம்பிவிட்டோம். மகளுக்கு வருத்தம்தான். ஆனால் படோங்குக்கு மலை ஏறி இறங்கித்தான் வர வேண்டும், அந்த ஏற்றத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நேரம் வைத்துக் கிளம்பியும் நெஞ்சு படபடத்தது.

படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது, எங்கள் கப்பல் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு இளம் தம்பதி கடைப் பக்கம் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். போனைக் காட்டி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றார்கள். மாமா தன் கடிகாரத்தை நீட்டினார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் கூட்டத்தில் மீதிப் பேர் மசாஜ் கடையில் இருந்தார்களாம். ஓடிப் போய்க் கூட்டி வந்து எங்களுக்கு அடுத்த படகில் ஏறினார்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே தனியாக வண்டி பிடித்தால் காத்திருக்காது. தனியாகப் போவது விலை குறைவு, அதில் தவறே இல்லை. ஆனால் நேரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. தினசரித் தாளில் துறைமுக முகவரின் (கரையில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) தொலைபேசி எண் இருக்கும், அதையும் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

போனில் தேதி, நேரம் அமைப்புக்குப் போய், நேர மண்டலம் தானாக மாறுவதை அணைத்துவிட்டுக் கையால் கப்பல் நேரத்துக்கு வையுங்கள் (எங்களுக்கு அது சிங்கப்பூர்). தாய்லாந்துக் கரையோரம் வரும்போது கேபினில் கிடக்கும் போன்கூடக் கரை டவரைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னே போய்விடும்; அலாரமும் அதோடு போகும். முடிந்தால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வெயிலைப் பார்த்து நேரம் கணிக்காதீர்கள். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தீபகற்பப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கியது, சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதனால் அங்கே ஏழு மணிக்கும் பொழுது முழுதாக விடிந்திருக்காது, மாலை ஏழுக்கும் வெளிச்சம் இருக்கும்.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால், இந்த இரண்டரை மணி வித்தியாசத்தை ஊரிலேயே டாக்டரிடம் சொல்லி, எந்த ஊசி, எந்த மாத்திரை எப்போது என்று கப்பல் நேரத்தில் எழுதி வாங்குங்கள். அத்தைக்கு அப்படி வாங்கியிருந்தோம், அந்த ஒரு விஷயத்தில் பயணம் முழுக்க எந்தக் குழப்பமும் இல்லை.

புக்கெட்டில் இன்னும் இரண்டு. தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்குத் தடவைக்குப் பெரும்பாலும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கும், அதனால் சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். ஏடிஎம்மோ கடை மிஷினோ "ரூபாயில் எடுக்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றதும் பழகிய கணக்கு என்று தோன்றும், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

ஊர் வந்து நாளாகியும் ஃபோரக்ஸ் கார்டில் முடங்கிய பணம் வரவில்லை. கப்பலின் இறுதிப் பில்லை இணைத்து, "இந்தக் கார்டில் எந்தத் தொகையும் வசூலிக்கவில்லை" என்று கப்பல் நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சல் வாங்கி, அதை வங்கிக்கு அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். ஆகவே இறுதிப் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கேஜ் பணத்தோடு ஏஜென்ட் முன்வரியாகப் பிடித்த டிசிஎஸ்ஸுக்கும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், வருமான வரித் தளத்தில் உங்கள் பேரில் அது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் ஏஜென்ட் அதையும் இன்னும் தரவில்லை, வாரா வாரம் போன் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.