ஏழாவது மீன்

மீன்தொட்டியின் நீல விளக்கு மங்கியதும் பச்சைக் குரோமிஸ் மீன்கள் ஒவ்வொன்றாகப் பவளக் கிளைகளுக்குள் நுழைந்தன. எண்ணினேன். ஆறு.

ஏழாவது, தண்ணீர்க் குழாயோரம் ஒதுங்கி நின்றது. வால் துடுப்பின் ஒரு முனை கிழிந்திருந்தது.

அது கிளைப்பக்கம் வரும்போதெல்லாம் பெரியது ஒன்று விரட்டியது. கடிக்கக்கூட இல்லை. முகத்தைத் திருப்பினாலே சின்னது பின்வாங்கிவிடுகிறது.

குரோமிஸ் போன்ற டாம்செல் வகை மீன்களைக் கூட்டமாக வளர்த்த பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். மாதங்கள் போகப் போகக் கூட்டம் கரையும். நோய் என்று நினைப்போம். பல நேரம் காரணம் அதிகார வரிசைதான். வலியது அடுத்ததை விரட்டும், அது அதற்கடுத்ததை. கடைசியில் இருப்பதற்கு ஒளிய இடமே இருக்காது.

கடலில் என்றால் வேறு கிளைக்குப் போய்விடும். கண்ணாடிக்குள் எங்கே போகும்?

இத்தனைக்கும் அந்தப் பவளத்துக்கு இவை வேண்டும். தூங்கும்போதும் கிளைகளுக்கிடையே துடுப்பசைத்து நீரை ஓடவிடுகின்றன. அதனால் இரவிலும் பவளத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. இவை வெளியேற்றும் அம்மோனியாகூட பவளத்துக்குள் வாழும் பாசிக்கு உரம்.

நாளை மறுமூலையில் இன்னொரு கிளைப் பவளம் வைக்கப் போகிறேன். தீனியையும் சிறுசிறு வேளைகளாகப் பிரித்து, இரு பக்கமும் தூவ வேண்டும்.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே குழாயோரம்தான். கிழிந்த துடுப்பு மெல்ல அசைகிறது.