வேக்குவம் பம்பும் தோலுக்கடியில் ஒரு கயிறும்

என் பையனுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது தாய்ப்பாலை நிறுத்தினேன். பிறந்ததிலிருந்தே அவன் வலது பக்கம்தான் விரும்பிக் குடிப்பான். இடது பக்கம் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். பால் வற்றிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் நன்றாகவே சிறுத்திருந்தது. அப்போது எனக்கு 30 வயது. திருப்பூரில் உள்ளாடை தைக்கும் கம்பெனி ஒன்றில் அளவு சரிபார்க்கும் வேலை செய்கிறேன். நாள் முழுக்க டேப்பும் கையுமாக இருப்பவளுக்கு, மற்றவர்கள் கண்ணில் படாத அரை இஞ்ச் வித்தியாசம்கூட உறுத்திக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். அம்மாவிடம் சொன்னால், "புள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா கண்ணு" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் யாரிடம் பேசுவது? போனில் தேடினேன். மார்பகத்தைப் பெரிதாக்கும் வேக்குவம் பம்ப் கண்ணில் பட்டது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

பெட்டியில் கண்ணாடி மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரு ரப்பர் குழாய், பி.பி. பார்க்கும் கருவியில் இருக்குமே அந்த மாதிரி கையால் அமுக்கும் பந்து ஒன்று. உள்ளே எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் முள் எதுவும் கிடையாது. இறுக்கம் தெரியும்வரை அமுக்கு, அரை மணி நேரம் வை என்று ஒரு துண்டுச்சீட்டு. அவ்வளவுதான். எனக்குப் பயமே வரவில்லை. காரணம், பையன் கைக்குழந்தையாக இருந்தபோது ஐந்து மாதம் கம்பெனி ஓய்வறையில் உட்கார்ந்து பால் எடுக்கும் பம்ப் வைத்தவள் நான். அதுவும் இழுக்கிறது, இதுவும் இழுக்கிறது, இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் பத்து நிமிடம். எடுத்ததும் டேப் வைத்துப் பார்த்தேன், அரை இஞ்ச் கூடியிருந்தது! அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை, கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு அளந்தால் பழைய அளவேதான். சரி, நேரம் போதவில்லை போல என்று அன்றைக்கு இருபது நிமிடம் வைத்தேன். இரவு கூடியது, காலையில் இறங்கியது. தினமும் இதே கதை. ஒரு நோட்டில் இரவு அளவு, காலை அளவு என்று இரண்டு வரிசை எழுதிவந்தேன். இரவு வரிசை ஏறிக்கொண்டே போனது. காலை வரிசை நகரவே இல்லை. அளவு பார்ப்பதே பிழைப்பாக இருந்தும், இரவு வரிசையைத்தான் நம்பினேன்.

ஆறாம் நாள் விளிம்பு பதிந்த வட்டம் காலைவரை மறையவில்லை. ஒன்பதாம் நாள் அந்த வட்டத்துக்குள் கடுகு தூவிய மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்த தடிப்பை விரலால் அமுக்கினால் ஒரு நொடி வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும். இவை அமுக்கினாலும் வெளுக்கவில்லை. தோலுக்கடியில் மெல்லிய குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்திருந்தால்தான் அப்படி இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சூட்டுக்கட்டி என்று நினைத்து வெள்ளரிக்காய் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி பையனைத் தூங்கவைத்துவிட்டுப் பம்பை மாட்டினேன். வேலைக் களைப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. வலி இல்லை. வலியே இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. கிண்ணத்துக்குள் தோல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. குழாயைப் பிடுங்கிக் காற்றை விட்டு, தொட்டுப் பார்த்தேன். தொடுவது கைக்குத் தெரிகிறது, மார்புக்குத் தெரியவில்லை. வலது பக்கம் வெதுவெதுப்பாக இருக்க, இடது பக்கம் சில்லென்றிருந்தது. உணர்ச்சி திரும்ப கால் மணி நேரம் ஆனது. கால் மரத்துப்போய் எழுந்தால் ஊசி குத்துவது போல இருக்குமே, அப்படித்தான் திரும்பியது. கீழ் விளிம்பில் இரண்டு நீர்க்கொப்புளங்கள். அன்றோடு பம்பைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் போட்டேன்.

கொப்புளம் ஒரு வாரத்தில் காய்ந்தது. நிறமும் பச்சை, மஞ்சள் என்று மாறி மறைந்தது. விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன். கொஞ்ச நாள் கழித்து மாடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால், இடது மார்பின் கீழிருந்து விலாவை நோக்கி உள்ளே யாரோ கயிறு கட்டி இழுப்பது போல ஒரு சுருக். கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினேன். தோலுக்கடியில் நிஜமாகவே ஒரு கயிறு ஓடியது. பாவாடை நாடா தடிமன், ஒரு சாண் நீளம், தொட்டால் வலி. கையை உயர்த்தினால் அந்த வழியே தோல் பள்ளமாக உள்வாங்கியது.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. தோல் உள்வாங்குவது மார்பகப் புற்றுநோயின் அறிகுறி என்று கம்பெனி முகாமில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடிந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பம்பையும் சேர்த்து. ஒரு வார்த்தை திட்டவில்லை. லீவு போட்டுக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார்.

பெண் அறுவை மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்தோம். உள்ளே போவதற்கு முன்னால், வயதான நர்ஸ் அக்கா ஒருவர் விவரம் எழுதிக்கொண்டார். பம்ப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "கண்ணு, இங்க எல்லாத்தையும் பார்த்தாச்சுங்க. மறைச்சா டாக்டர் தப்பாத்தான் பார்ப்பாங்க" என்றார். சொன்னேன். "புள்ளி வந்தப்பவும் எதுக்குங்க கண்ணு வெச்சுக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

டாக்டர் இரண்டு பக்கமும், அக்குளும் பொறுமையாகத் தடவிப் பார்த்தார். "நரம்பு சுருண்டுபோச்சா மேடம்?" என்று கேட்டேன். நம் ஊரில் கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக் குழாயையும் நரம்பு என்றுதானே சொல்கிறோம். "நரம்பு இல்லம்மா, இது சிரை. தோலுக்கு அடியிலேயே ஓடுற சின்ன ரத்தக் குழாய். அதுல ரத்தம் உறைஞ்சு கெட்டியாகியிருக்கு" என்றார். இதற்கு மோண்டர் நோய் என்று பெயராம், 1939-ல் இதை விவரித்த ஆன்றி மோண்டர் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால். அடிபட்டாலோ, அறுவை செய்தாலோ, இறுக்கமாக எதையாவது அணிந்தாலோ வரலாம். பம்பின் விளிம்பு அழுத்திய இடமும் கயிறு தொடங்கும் இடமும் ஒன்றாக இருந்ததால், பெரும்பாலும் அதுதான் காரணம் என்றார். ஆனால் இந்தக் கயிற்றுக்குப் பின்னால் அரிதாகக் கட்டி ஒளிந்திருக்கும், அதனால் பார்க்காமல் விடமாட்டேன் என்று அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுத்தார். ஸ்கேனில் கட்டி இல்லை, சிரையில் அடைப்பு மட்டும்தான் என்று வந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. வலிக்கும் வீக்கத்துக்கும் சில நாள் மாத்திரை, சூடான துணி ஒத்தடம், இறுக்காத உள்ளாடை. தானே கரைய நாலு முதல் எட்டு வாரம்வரை ஆகலாம் என்றார். தேய்த்து நீவிவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த முறை போனபோது, ஏன் இப்படி ஆனது என்று உட்காரவைத்து விளக்கினார். இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பால் எடுக்கும் பம்ப் இழுக்கும், உடனே விடும். நிமிடத்துக்குப் பல தடவை இப்படி நடக்கும். ஒவ்வொரு முறை விடும்போதும் ரத்தம் ஓட வழி கிடைக்கிறது. அதனால்தான் அதன் இழுவிசை, பி.பி. அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரச அளவில் 200-ஐத் தாண்டினாலும் உடம்பு தாங்குகிறது. நான் வைத்தது இழுத்துப் பிடித்தபடியே நிற்கும். நம் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தமே அதே அளவில் ஏறக்குறைய 15 முதல் 35-க்குள்தான். வெளியே இருந்து விடாமல் இழுத்தால் குழாய்கள் உப்பி, நீர் கசிந்து, சதைக்குள் தேங்கும். நான் இரவில் அளந்து மகிழ்ந்த அரை இஞ்ச் அந்த நீர்தான். காலைக்குள் உடம்பு அதை வடித்துவிடும். அதிகமாக இழுத்தால் குழாய் உடையும், அவைதான் அந்தக் கடுகுப் புள்ளிகள்.

விளிம்பு விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்தது. கிண்ணத்துக்குள் எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு பலமும் விளிம்பு வழியாக நெஞ்சின் மேல் அமுக்கமாக இறங்கும். விளிம்பு மெல்லியதாக இருந்தால் ஆழமாக வெட்டும். எங்கள் வேலையில் இது பாலபாடம்: கால் இஞ்ச் எலாஸ்டிக் ஆளை அறுக்கும், அதே இழுப்பில் ஒரு இஞ்ச் எலாஸ்டிக் உறுத்தாமல் நிற்கும். என் கிண்ணத்தின் விளிம்பு தோசைக்கரண்டி முனை கனம்தான் இருந்தது. அது மார்பின் கீழ் மடிப்பில் உட்கார்ந்து, உள்ளே தேங்கிய ரத்தம் வெளியேறும் சிரைகளையே அடைத்திருக்கிறது. உள்ளே ரத்தம் ஏறுகிறது, இறங்க வழியில்லை. நாவல்பழ நிறம் அதனால்தான்.

"அப்ப வேக்குவத்தால வளரவே வளராதா மேடம்?" என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அமெரிக்காவில் மயாமியைச் சேர்ந்த ரோஜர் கௌரி என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். பிரா மாதிரி அணியும் கருவி, அகலமான ஜெல் விளிம்பு, 20-ஐ ஒட்டிய மெல்லிய இழுவிசை, அதைக் கண்காணித்துச் சரிசெய்யும் ஏற்பாடு. தினமும் 10 முதல் 12 மணி நேரம், பத்து வாரம். சேர்ந்தவர்கள் 17 பெண்கள், முடித்தவர்கள் 12 பேர். அவர்களுக்கு ஓரளவு வளர்ச்சி நிலைத்தது, ஆனால் கருவியைக் கழற்றிய முதல் வாரத்திலேயே ஏறியதில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. மெதுவாக, நாள்கணக்கில், மருத்துவர் கண்காணிப்பில் செய்த வேலை அது. முள் இல்லாத பந்தை அமுக்கி அரை மணி நேரத்தில் செய்வதை அதோடு ஒப்பிடவே முடியாது என்றார். என்னைக் கடிந்துகொண்டதும் ஒரே விஷயத்துக்குத்தான்: ஒரு பக்கம் புதிதாக அளவு மாறினால், ஏன் மாறியது என்று முதலில் காட்டியிருக்க வேண்டும். எனக்குப் பையன் ஒரு பக்கமாகக் குடித்தது காரணம், ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்காது.

சிகிச்சையே வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது என்றும் சொன்னார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அழகுச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இலவசமாகத் தொடங்கினார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு அறுவை வேண்டாம் என்று தோன்றியது.

கயிறு ஆறாம் வாரம் மெலிந்தது. ஏழாம் வாரம் ஒருநாள் கொடியில் துணி போட்டுவிட்டுக் கீழே இறங்கிய பிறகுதான், இன்றைக்குச் சுருக்கென்று இழுக்கவில்லையே என்று உறைத்தது. இப்போது நானே எனக்கு இடது கப்புக்குள் மெல்லிய ஃபோம் வைத்துத் தைத்துக்கொள்கிறேன். இரண்டு அடுக்கு, ஓரம் சரிவாக வெட்டியது. மேலே சட்டை போட்டால் இரண்டு பக்கமும் ஒன்று போல நிற்கிறது.

போன வாரம் எங்கள் லைனில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்கா ஒருவர், சாப்பாட்டு வேளையில் ஓரமாக அழைத்தார். அவரும் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம், எனக்கு அளவு பற்றித் தெரியும் என்று கேட்கிறார். முதலில் என் கதையைச் சொன்னேன். அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா, பிள்ளைக்கு இன்னும் பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஏற்கெனவே பம்பை வைத்துப் பார்த்தீர்களா என்றதும் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் புறங்கையை என் விரலால் அமுக்கி விட்டுக் காட்டினேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்தது. "பம்ப் எடுத்ததும் அங்க அமுக்கிப் பாருங்கக்கா. இப்படித் திரும்பலைன்னா, நீலம் கட்டினா, மரத்துப்போனா, சில்லுனு ஆனா அங்க ரத்தம் ஓடலைன்னு அர்த்தம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெல்ல, தனக்கும் அந்தப் புள்ளிகள் வந்திருக்கின்றன, இடது அக்குள் பக்கம் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, அது பம்ப் வாங்குவதற்கு முன்பே இருந்தது என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவரோடு கோயம்புத்தூர் போகிறேன். அதே டாக்டரிடம் காலை பதினொரு மணிக்குப் பதிவு செய்திருக்கிறோம்.