மூட்டைக்கு அரைக் கிலோ: ரேஷன் கடை வழக்குகள் தொடங்கும் இடம்

"ரேஷன் கடை லைசென்ஸுக்கு எங்க எழுதிப் போடணும் அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் சுரண்டைப் பக்கமும் வள்ளியூர்ப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தனியாருக்கு ரேஷன் கடை கிடையாது. கூட்டுறவுச் சங்கம், நுகர்பொருள் வாணிபக் கழகம், சில இடங்களில் மகளிர் சுய உதவிக் குழு, இவைதான் நடத்துகின்றன. லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம்.

புளியரை தாண்டி ஆரியங்காவுக்குள் போனால் கதை வேறு. கேரளத்தில் கடைக்கு உரிமதாரர் உண்டு. அவர் காலமானால் எந்த வாரிசுக்கு உரிமம், ஒருவர் பெயரில் உரிமம் இருக்க இன்னொருவர் கடை நடத்தலாமா என்றெல்லாம் அங்கே வழக்கு நடக்கும். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 12ஆம் பிரிவில் கடை உரிமத்துக்கு ஊராட்சி, சுய உதவிக் குழு, கூட்டுறவு ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. நம்ம பக்கம் அது முன்பிருந்தே அப்படித்தான். அதனால் இங்கே சண்டை உரிமத்துக்காக வருவதில்லை. பெரும்பாலும் விற்பனையாளருக்கும் சங்கத்துக்கும் நடுவில், இருப்புக் குறைவை வைத்து வருகிறது.

குறைவு எங்கிருந்து வருகிறது? 800 கார்டு உள்ள ஒரு கடை, கார்டுக்குச் சராசரி 15 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 கிலோ, 50 கிலோ மூட்டையில் 240 மூட்டை. மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் மாதம் 120 கிலோ; ஆறு மாதத்தில் 720 கிலோ. பில் போடும் பிஓஎஸ் மிஷினில் மூட்டை ஒவ்வொன்றும் முழு ஐம்பதாகவே ஏறியிருக்கும். மூட்டையைத் தராசில் வைத்ததும் 50.0 என்று காட்டினால் சரியாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. சணல் சாக்கு மட்டுமே அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். எனவே சாக்கோடு சேர்த்து ஐம்பதரைக்கு மேல் காட்டினால்தான் உள்ளே 50 கிலோ அரிசி. 50.0 காட்டுகிற மூட்டை குறைந்த மூட்டை.

முன்பு இந்தக் குறைவு கார்டுக்காரர் பையில் கழிந்தது. இருபது கிலோ வாங்கியவர் வீட்டில் போய் நிறுத்தால் பத்தொன்பதரை. அது நியாயமில்லை என்பது வேறு, நடந்தது அதுதான். 2025ல் எலக்ட்ரானிக் தராசை பிஓஎஸ் மிஷினோடு இணைத்த பிறகு தராசு காட்டும் எடைக்குத்தான் பில் விழுகிறது. விற்கும் பக்கம் இறுகிவிட்டது. வரும் பக்கம் இறுகவில்லை. குடோனில் தொடங்கிய குறைவு முழுவதும் விற்பனையாளர் கணக்கில் தங்கிவிடுகிறது.

ஆகவே வேலை இறக்கும்போதே தொடங்க வேண்டும். 240 மூட்டையையும் நிறுக்க லோடுமேன்கள் நிற்க மாட்டார்கள். பத்துக்கு ஒன்றாவது நிறுத்து, எடையை, சரக்கோடு குடோனிலிருந்து வரும் அனுப்புச் சீட்டின் பின்புறம் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து கேளுங்கள். போடமாட்டேன் என்றால் "கையெழுத்திட மறுத்தார்" என்று நேரத்தோடு எழுதி, அன்றே சங்கச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் சங்க முத்திரை வாங்க வேண்டும். சங்கத்தில் வாங்க மறுத்தால் பதிவுத் தபால். நனைந்த சரக்குக்கும் இதே கதை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போல ஒன்று வந்தால் போட்டோ மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலர் வந்து எத்தனை மூட்டை, எந்தச் சரக்கு, எந்த அளவுக்கு நனைந்தது என்று எழுதிய மகஜர் வேண்டும். நாறுகிறதே என்று மகஜருக்கு முன் கொட்டிவிட்டால் கணக்கில் அது வெறும் குறைவு.

அடுத்து ஆய்வு. வட்ட வழங்கல் அலுவலரோ பறக்கும் படையோ வந்து இருப்பு எடுக்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கும். மூட்டையை நிறுக்காமல் எண்ணி ஐம்பதால் பெருக்குவார்கள். பிரித்த மூட்டையைக் கண்ணளவில் போடுவார்கள். கைரேகை விழாமலோ சர்வர் படுத்தோ போட முடியாத பில்லைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இந்த மூன்றாவதில் விற்பனையாளர் பக்கம் நிற்க முடியாது, ஏனென்றால் பில் போடாமல் சரக்கு கொடுத்தது அவர் தவறு. முதல் இரண்டில் நிற்கலாம். ஆய்வறிக்கையில் கையெழுத்துக்கு மேலேயே "மூட்டைகள் எடை போடப்படவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அன்று எழுதாமல் எட்டு மாதம் கழித்து விசாரணையில் சொன்னால் பின்யோசனை என்பார்கள், அப்படிச் சொல்வதிலும் தப்பில்லை. பயத்தில் குறைவுத் தொகையை அன்றே கட்டிவிடுவதும் உண்டு. கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் "ஆட்சேபணையுடன் செலுத்தப்படுகிறது" என்று எழுதிக் கட்ட வேண்டும். வெறும் ரசீதை ஒப்புதலாகத்தான் படிப்பார்கள்.

விற்பனையாளர் சஸ்பெண்ட் ஆனால் முதலில் கேட்க வேண்டியது பிழைப்பூதியம், அதாவது வேலையில்லாத காலத்துக்கான படி. 1981ஆம் ஆண்டு தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். அதற்குப் பதில் எழுதுமுன் ஆய்வறிக்கை, இருப்புப் பதிவேடு, அந்த மாத அனுப்புச் சீட்டுகள் மூன்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். ஆவணம் தராமல் நடந்த விசாரணை மேலே போனால் பெரும்பாலும் நிற்காது.

பணத்தை வசூலிக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983ன் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை (சர்சார்ஜ்) நடவடிக்கை வரும். இதைப் பார்த்து மிரள்பவர்கள் பிரிவை முழுக்கப் படிப்பதில்லை. சம்பவம் நடந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆனால் நடவடிக்கை தொடங்க முடியாது. தொடங்கினால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். மேலதிகாரி அனுமதித்தால் இன்னொரு ஆறு மாதம், அவ்வளவுதான். கையாடல், நம்பிக்கை மோசடி, வேண்டுமென்றே செய்த அலட்சியம் இவற்றில் ஒன்றை உத்தரவில் காட்ட வேண்டும். "இருப்பு குறைந்தது, ஆகவே கட்டு" என்பது மட்டும் போதாது. மேல்முறையீடு 152ஆம் பிரிவில், கூட்டுறவுத் தீர்ப்பாயமாக அமரும் மாவட்ட நீதிமன்றத்தில்.

வேலை சம்பந்தமான உத்தரவுக்கு நேராக உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடுபவர்கள் அதிகம். 2006ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கூட்டுறவுச் சங்கம் பொதுவாக "அரசு" அல்ல, சட்டக் கடமையை மீறியிருந்தால்தான் அதன் மேல் ரிட் (உயர்நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) செல்லும் என்று சொல்லிவிட்டது. எனவே பெரும்பாலான மனுக்கள் "153ஆம் பிரிவில் சீராய்வுக்குப் போ" என்று திரும்பி வரும். அதற்குள் ஒரு வருடம் போயிருக்கும். முதலில் கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளரிடம் சீராய்வு, அந்த உத்தரவும் தவறானால் ரிட் என்பதே சரியான வரிசை. உத்தரவு வந்த தபால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். காலக்கெடு கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். அதற்குச் சாட்சி உறை.

அரிசி கடத்தலில் வண்டி பிடிபட்டால் அது தனிப் பாதை: அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955, 6ஏ பிரிவு. பறிமுதல் செய்யும் அதிகாரம் கலெக்டருக்கு. அதற்கு முன் 6பி பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் பறிமுதலுக்குப் பதில் அபராதம் கட்டும் வாய்ப்பை உரிமையாளருக்குத் தந்தாக வேண்டும். அந்த அபராதம் ஏற்றியிருந்த சரக்கின் அன்றைய சந்தை விலையைத் தாண்டக் கூடாது, வண்டியின் விலை அங்கே கணக்கில்லை. லாரி உரிமையாளர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான்.

மிச்சம் இருப்பது கடை எங்கே என்ற ஊர்ச் சண்டை. கீழத்தெருவா மேலத்தெருவா, பகுதிநேரக் கடை எங்களுக்கா பக்கத்து ஊருக்கா. நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்து, பதில் வரவில்லை என்று மதுரைக்குப் போனால், "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் உத்தரவிடுக" என்று வரும். உடனே ஊரில் வெடி போடுவார்கள். பரிசீலித்து "இயலாது" என்று எழுதினாலும் அந்த உத்தரவு நிறைவேறிவிட்டது என்பது பிறகுதான் தெரியும். கடை எங்கே என்பது நிர்வாகம் எடுக்கும் முடிவு. கோர்ட் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தராது. மனுவோடு கிராம சபைத் தீர்மானம், பிரித்துச் சேர்க்க வேண்டிய கார்டுகளின் பட்டியல், இரண்டு கடைக்கும் நடக்கும் தூரம் இவை இருந்தால் பரிசீலிப்பவருக்கு மறுக்கக் காரணம் குறையும். கட்டடம் கட்ட இடம் காட்டும்போது சர்வே எண்ணைப் பார்த்துக் காட்டுங்கள். நம்ம மாவட்டத்தில் ஊர் நடுவில் காலியாகக் கிடப்பது பாதி இடம் குளத்துப் புறம்போக்கு அல்லது ஓடைப் புறம்போக்கு. அஸ்திவாரம் போட்ட பிறகு எதிர்த்தெருக்காரர் அடங்கலை (கிராம நிலக் கணக்கை) எடுத்துக்கொண்டு போனால் வேலை அங்கேயே நிற்கும்.